மேல் வீட்டுச் சத்தம் குறித்து

2018ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை சரியாக நான்கு மணிக்கு, யாரும் குடியிராத மேல் வீட்டிலிருந்து இரண்டு தட்டுச் சத்தம் என் சமையலறையில் கேட்டது. அன்று மட்டுமன்று, ஏறக்குறைய ஓராண்டாக நாள்தோறும் கேட்கிறது. திருமதி லோர்ன், கட்டடம் இப்போது உங்களுடையது. ஆகவே இதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பதே முறை. சென்ற வாரக் கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கும் இதிலேயே விடை தருகிறேன்.

உங்கள் மாமா திரு. ப்ளைத் மாடியில் இருந்தார், நான் கீழே. மண்ணும் கட்டடமும் அவருடையவை. என்னுடையது 1959இல் எழுதப்பட்ட தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. அதில் நாற்பத்தோர் ஆண்டுகளே எஞ்சியிருந்தன. குத்தகை முடிந்தால் வீடு அவர் வழியினருக்குப் போய்விடும். நீட்டித்துத் தரும்படி நான் முதலில் வாய்மொழியாகக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"நாப்பத்தோரு வருஷம் பத்தாதா, மிஸ் பார்ஜட்டர்? நூத்திப் பதினாலு வயசு வரைக்கும் இருக்கறதா உத்தேசமா? சரி சரி, நானும் கூட இருக்கேன். சேர்ந்தே கேக் வெட்டிடுவோம்."

அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன்.

குத்தகைதாரர் நீட்டிப்புக் கேட்டு முறையாக அறிவிப்புக் கொடுத்தால், உரிமையாளர் குறித்த தேதிக்குள் எழுத்தில் மறுமொழி தர வேண்டும். தவறினால், அறிவிப்பில் கண்ட விலைக்கே தொண்ணூறு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும். சென்ற ஆண்டு, 2017 செப்டம்பர் நான்காம் தேதி நான் அறிவிப்பைக் கொடுத்தேன். விலையைக் குறைவாகவே குறித்திருந்தேன். மறுமொழிக்குக் கடைசி நாள் நவம்பர் பத்து, வெள்ளிக்கிழமை.

நாள்தோறும் நான்கு மணிக்கு அவர் கைத்தடியால் தரையில் இரண்டு முறை தட்டுவார். தேநீர் தயார், மேலே வரலாம் என்று பொருள். பதினாறு ஆண்டுகளில் நான் ஒன்பது முறை போயிருப்பேன். இரவு பதினொன்றுக்கும் காலை ஏழுக்கும் இடைப்பட்ட சத்தத்தை மட்டுமே குத்தகை தடுக்கிறது. ஆகையால் அந்தத் தட்டலை நான் ஆட்சேபிக்க இயலவில்லை.

நவம்பர் ஏழு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணியளவில் மேலே எடையுள்ள ஏதோ விழுந்தது. சற்று நேரத்தில் தட்டல் தொடங்கியது. வழக்கம்போல் இரண்டிரண்டாக அல்லாமல், ஒழுங்கின்றி. அவருடைய மாற்றுத் திறவுகோல் என் சமையலறை அலமாரிக்குள் ஆணியில் தொங்கியது. இதய அறுவைக்குப் பிறகு அவரே கொடுத்தது. அதை எடுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்தேன். கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமை நண்பகலில், தேவாலயத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் திருமதி டல்லி என் கதவைத் தட்டினார்.

"மேல மணி அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு. கிழவரு எங்க போனாரு?"

"விட்பியில இருக்கற தங்கச்சி பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காரு. சனிக்கிழமை வந்துடுவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? ஷெப்பர்ட்ஸ் பை வேற, சுடச்சுட. திரும்ப எடுத்துட்டுப் போகணுமா நான்?" அப்போது மேலே ஒரு தட்டு. "அது என்ன சத்தம்?"

"ஹீட்டர் குழாய். குளிர் வந்தாலே அப்படித்தான் தட்டும்."

"எங்க வீட்டுலயும் அதே கூத்துதான். பேய் இருக்குன்னு என் வீட்டுக்காரர் ரேடியோவைச் சத்தமா வச்சுக்குவாரு. இந்தாங்க, நீங்களாவது சாப்பிடுங்க. ஆளும் ரொம்ப இளைச்சுட்டீங்க."

சாப்பிட்டேன். உணவை வீணாக்குவது என் வழக்கமன்று. உப்பு சற்றுக் கூடுதல். பாத்திரத்தைக் கழுவி, மறுவாரம் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் இரண்டு முறை தட்டினார். தெளிவாக, இடைவெளி விட்டு. நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தார் என்று கருதுகிறேன். எனக்குப் புரிந்தது. வியாழக்கிழமையும் அதே நேரத்தில் இரண்டு தட்டு, மெதுவாக. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை திரைச்சீலைகளைத் துவைத்தேன். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் திறவுகோலுடன் மேலே சென்றேன். பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

இடுப்பெலும்பு முறிவு, குளிர், தண்ணீர் இன்மை. விபத்து என்று மரண விசாரணையில் முடிவாயிற்று. வியாழன் வரை பிழைக்க வாய்ப்பிருந்ததாக மருத்துவர் சொன்னார். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அவருடைய சட்டைப் பையில் என் பெயரெழுதி ஒட்டிய உறை ஒன்று இருந்தது. காவலர் அதைப் பிரிக்காமல் என்னிடம் தந்தார். தேதி நவம்பர் ஏழு. உள்ளே முறையான மறுமொழி: உரிமையை ஏற்கிறார், என் விலையையும் அப்படியே ஏற்கிறார். அடியில் கையெழுத்தில் இரண்டு வரி:

"நீங்க கேட்ட தொண்ணூறையும் எடுத்துக்குங்க, மிஸ் பார்ஜட்டர். ஆனா இன்னிக்கு நாலு மணிக்கு டீ குடிக்க வந்தே ஆகணும்."

அதைக் கொடுக்கத்தான் அன்று கீழே வரப் புறப்பட்டிருந்தார். அஞ்சலில் சேர்த்திருக்கலாம், முறை அதுதான். உறையை நான் எவரிடமும் காட்டவில்லை. மறுமொழி வரவில்லை என்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்தேன். அறிவிப்பில் கண்டபடியே உத்தரவாயிற்று.

அவர் உங்கள் வீட்டுக்குப் போயிருப்பதாகத் திருமதி டல்லியிடம் ஏன் சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். மேலே யாரும் போகக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். அவர் தட்டியதை மூன்று நாளும் கேட்டேன். திறவுகோல் என்னிடம் இருந்தது.

நான் முடிவு செய்திருப்பவை இவை. உறையையும் திறவுகோலையும் இத்துடன் அனுப்புகிறேன். இக்கடிதத்தின் நகல் இன்று காவல் நிலையத்துக்கும் போகிறது. அவர்கள் என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். குத்தகையை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தாங்கள் தாமதமின்றி மேல் வீட்டுத் தரையில் தடித்த கம்பளம் ஒன்று விரித்து, அந்தத் தட்டலை நிறுத்தித் தர வேண்டும். இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் நான் இதன் கீழே இருக்க வேண்டியவள்.