மூடி மேல் கட்டிய சுவர்

— இல்லைங்க பெரியவரே, மூக்குலேருந்து கையை எடுத்துட்டுக் கேளுங்க. மூக்கைப் பொத்தினா காதும் சேர்ந்து அடைச்சுக்கும். கழிவுத்தண்ணி பொங்கினது உங்க பாத்ரூம்ல. ஆனா கோளாறு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற இந்தக் குட்டைச் செவுத்துக்கு அடியில இருக்கும் போலிருக்கு.

— செவுத்துக்கு அடியில எப்படிய்யா கோளாறு வரும்?

— சேம்பர் அங்கதானே இருக்கு. உங்க வீட்டுக் குழாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் வந்து சேர்ற தொட்டி. அதோட மூடி மேலயே செவுத்தைக் கட்டி வச்சிருக்கீங்க. சேம்பர் மேல கோழிக்கூடு பார்த்திருக்கேன். சேம்பர் மேல கட்டிலைப் போட்டுத் தூங்கின மாப்பிள்ளையைப் பார்த்திருக்கேன். செவுரு இப்பத்தான் பார்க்கறேன்.

— பாகம் பிரிச்சப்போ அந்த இடத்தை யாரும் விட்டுக்கொடுக்கலை. என் பக்கம் வரணும்னு நான் நின்னேன். தன் பக்கம் வரணும்னு பக்கத்து வீட்டுக்காரர் நின்னார். கொத்தனார் சலிச்சுப்போய் நட்டநடுவுல நூல் பிடிச்சுட்டான்.

— சாக்கடைத் தொட்டிக்கா சண்டை போட்டீங்க?

— அன்னிக்கு அதுவும் சொத்துதான் கம்பிக்காரரே.

— பக்கத்து வீட்டுக்காரர்னா உங்க கூடப்பொறந்த தம்பிதானே?

— அப்படித்தான் சொல்லிக்கிறாங்க.

— சரி. செவுத்தை இடிச்சா அடைப்பெடுக்க நான் கம்பி விடுவேன். இடிக்கலைன்னா சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

— போறேன்னு சொல்லாதீங்க. சாயங்காலம் என் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பறாங்க. இடுப்பெலும்பு ஆபரேஷன். எழுந்து நிக்கவே ரெண்டு பேர் பிடிக்கணும். இந்தத் தண்ணியில அவளை எங்க கொண்டுபோய் உட்கார வைப்பேன்? காலையிலேருந்து வாளி வாளியா அள்ளிக் கொட்டறேன். அள்ளின அளவு திரும்ப வந்து நிக்குது.

— அப்போ தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதோ, அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டு நிக்கிறார்.

— நான் பேசறதில்லை. நீங்க கேளுங்க.

— நாம பேசறதே அவருக்குக் கேட்கும்ங்க.

— கேட்கட்டும். நான் பேசறதில்லை.

— என்னமோ போங்க. சின்னவரே! கொஞ்சம் இப்படி வாங்க. உங்க அண்ணன் வீட்டுல சாக்கடைத் தண்ணி ஏறி நிக்குது. செவுத்தை இடிச்சு சேம்பரைத் திறக்கணும்.

— முடியாதுன்னு சொல்லுங்க ஐயா. இந்தப் பக்கம் பூச்சு பூசினது நான். பெயிண்ட் அடிச்சது நான். அவர் பக்கம் போய்ப் பாருங்க, செங்கல் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்.

— பார்த்தீங்களா கம்பிக்காரரே, நான் சொல்லலை?

— அவர் என்ன சொல்லலைங்கறார், ஐயா?

— யாருக்குத் தெரியும். ரெண்டு பேரும் என்னைத் தபால்பெட்டி ஆக்கிட்டீங்க. சின்னவரே, உங்க அண்ணி சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து வராங்களாம்.

— தெரியும். அன்னிக்கு ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாம நின்னப்போ, தெருவுல கிடந்த வண்டியெல்லாம் தள்ளி வழி விட்டது யாருன்னு கேளுங்க.

— நான் யாரையும் தள்ளச் சொல்லலைன்னு சொல்லுங்க.

— சொல்லிட்டாருங்க. அதை விடுங்க சின்னவரே. சேம்பர்ல அடைச்சிருந்தா உங்க வீட்டுலயும் தண்ணி ஏறியிருக்கணுமே. ஏறலையா?

— காலையிலேருந்து நான் அந்தப் பக்கம் போகலை. இருங்க, பார்த்துட்டு வரேன்.

— போய்ட்டார். அவர் வர்றவரைக்கும் இப்படி உட்காருங்க பெரியவரே. முகம் வெளுத்துப்போச்சு. ஒருதரம் ஒரு லாட்ஜுல கம்பி விட்டேன். நுனியில ஒரு புடவை மாட்டிச்சு. இழுக்கறேன், இழுக்கறேன், வந்துக்கிட்டே இருக்கு. முந்தானை வெளியே வர்றதுக்குள்ள லாட்ஜ் கைமாறிடுச்சு. புது முதலாளி வந்து, நீ யாருய்யாங்கறார்.

— புடவை என்ன ஆச்சு?

— துவைச்சுக் காயவச்சு என் வீட்டுக்காரிகிட்ட கொடுத்தேன். கலர் பிடிக்கலைன்னுட்டா.

— உங்க வாயில நிஜமே வராதா?

— வரும். கேட்கறவங்க தாங்கணுமே. இதோ, சின்னவர் வந்துட்டார்.

— ஐயா, எங்க வீட்டுலயும் ஏறிடுச்சு. பாத்ரூம் முழுக்கத் தண்ணி.

— நாத்தம்?

— ம்... நாத்தம்தான்.

— அப்போ சந்தேகமே இல்லை. ரெண்டு வீட்டுலயும் ஏறினா நடுவுலதான் அடைப்பு. செவுரு போயே ஆகணும்.

— இடிச்சுக்கலாம் ஐயா. யாருக்காகவும் இல்லை, என் வீட்டுக் கஷ்டத்துக்காக இடிக்கறேன்னு சொல்லிடுங்க.

— நானும் என் வீட்டுக்காகத்தான் இடிக்கறேன்னு சொல்லுங்க.

— ரெண்டையும் சொன்னதா வச்சுக்கங்க. கடப்பாரை யார்கிட்ட இருக்கு?

— என்கிட்ட இருக்கு. ஐயா, முதுகுவலிக்காரரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. நான் இடிக்கறேன்.

— யாருக்கு முதுகுவலி?

— தினமும் செருப்பு மாட்ட வாசல்ல எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கறார்னு நான் பார்க்கறேன்னு சொல்லுங்க.

— இதைப் பார்க்கறதுதான் இவனுக்கு வேலையா? கம்பிக்காரரே, இதை அவன்கிட்ட சொல்ல வேணாம்.

— நான் எதையுமே சொல்லலைங்க. நீங்களே பேசிக்கிறீங்க, நான் நடுவுல நின்னு தூசி தின்னுக்கிட்டு இருக்கேன்.

— அவர் பக்கத்துச் செங்கல் என் துளசித்தொட்டி மேல விழுது ஐயா.

— செங்கல்லுக்குப் பாகப்பிரிவினை தெரியாதுங்க சின்னவரே. ம், போதும் நிறுத்துங்க. மூடி தெரியுது. ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. திறந்ததும் ஆள் உயரத்துக்குப் பொங்கும். ஒரு ஓட்டல்ல இப்படித் திறந்தப்போ மாடியில காபி குடிச்சிட்டிருந்தவர் டம்ளர் நிறைஞ்சுபோச்சு.

— திறங்களேன்.

— திறந்துட்டேன்.

— என்னய்யா, ஒண்ணும் பொங்கலையே?

— இதுல ஒண்ணும் இல்லைங்க பெரியவரே. தொட்டி சுத்தமா இருக்கு. தெருப்பக்கம் போற வழியும் திறந்திருக்கு. அடைப்பு உங்க வீட்டுக் குழாய்க்குள்ளேயே இருக்கு. உங்க பாத்ரூம் வழியாவே எடுத்திருக்கலாம். செவுத்தை இடிச்சிருக்கவே வேண்டாம். நான் தப்பாச் சொல்லிட்டேன்.

— முதல்ல கம்பியை விடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

— விடறேன். இங்கேருந்தே எட்டும்... மாட்டிக்கிச்சு... வருது. பழைய துணிதான், குழாய் வளைவுல சுருண்டு கிடந்திருக்கு. சத்தம் கேட்குதா? உங்க பாத்ரூம் தண்ணி இறங்குது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். அம்மா தாராளமா வரலாம்.

— அப்பாடா.

— எனக்கு ஒண்ணுதான் பிடிபடலை. சின்னவரே, உங்க குழாயில ஒரு அடைப்பும் இல்லை. தண்ணி பாட்டுக்குப் போகுது. அப்போ உங்க வீட்டுல எப்படி ஏறுச்சு?

— ஏறலை.

— பாத்ரூம் முழுக்கத் தண்ணின்னீங்களே?

— தண்ணிக் குழாயை நானே திறந்து விட்டேன்.

— நாத்தம்னீங்களே?

— நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— எதுக்குங்க இந்த வேலை? நான் அதை நம்பித்தானே இடிக்கச் சொன்னேன்.

— அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார் ஐயா. நானா இடிச்சுக்கங்கன்னாலும் ஒத்துக்க மாட்டார்.

— கேட்டுக்கிட்டீங்களா பெரியவரே? இப்ப என்ன பண்றது? கொத்தனாரைக் கூப்பிட்டு இதைத் திரும்ப எழுப்பணும். இந்தத் தடவையாவது மூடியை விட்டுட்டு, யாராவது ஒருத்தர் பக்கம் தள்ளி...

— டேய், அந்தக் கடப்பாரையை இப்படிக் கொடு. இந்த அகலத்துல உங்க அண்ணியோட சக்கர நாற்காலி உன் வீட்டுப் பக்கம் நுழையாது.