ஃபைலுக்காகத் திரும்பி ஓடிய ஹெல்கா ஆன்ட்டி

சைரன். அமெரிக்காவில் ஐசலின், ஓக் ட்ரீ ரோடு. சனிக்கிழமை, பகல் 12:00. நகைக்கடை வாசலில் நிற்கும் காருக்கு அடியில் கிடக்கிறேன். முழங்கால் எரிகிறது. எப்படிப் புகுந்தேன், தெரியாது.

"ஏய், ஒண்ணுமில்லடி! ஃபயர் ஸ்டேஷன்ல டெஸ்ட் பண்றாங்க. வெளிய வா!" கணவர் கத்துகிறார்.

வர மாட்டேன். எனக்கு இது உக்ரைன். காலை 6:10. மருத்துவக் கல்லூரி விடுதியின் நிலவறை. முதலில் குண்டு வரும் விசில் சத்தம். மூன்று எண்ணுவதற்குள் இடி. சுவர் உதிர்ந்து தலையில் கொட்டுகிறது. ஐயோ, அன்று வந்த பயம் இன்னும் போகவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, நான் பயந்தாங்கொள்ளிதான்.

என்னையும் சேர்த்துத் தமிழ் மாணவர்கள் நான்கு பேர். இரண்டு நாள் முன்பே ஜெர்மனியில் ஒரு தேவாலயத்தின் உதவி எண்ணுக்கு நான்தான் அழுதுகொண்டே போன் பண்ணியிருந்தேன். அங்கிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் ஹெல்கா ஆன்ட்டி. முன்பின் தெரியாதவர். அவரைப் பற்றிப் பிறகுதான் விசாரித்தேன். ஒரு சிற்றூரின் நகராட்சி உறுப்பினர். புராட்டஸ்டன்ட் சபையின் இளைஞர் இல்லமே அவருக்கு உயிர். வீடில்லாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் மல்லுக்கட்டுவாராம். அந்த இல்லத்தின் வேன்தான் அது.

6:25. ஓடுகிறோம். ஏறிவிட்டோம். அப்போதுதான் உறைத்தது. ஒரிஜினல் மார்க் ஷீட் ஃபைல் நிலவறையில் கிடக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, எல்லாம். எது போனாலும் ஒரிஜினலைத் தொலைக்காதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். நிலவறைப் பக்கம் கையைக் காட்டி, "ஃபைல், ஃபைல்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். இறங்கப் போனேன்.

"சிட் டவுன்!"

ஆன்ட்டி என்னை உள்ளே தள்ளினார். தான் இறங்கி ஓடினார். ஒரு பிள்ளை அழுதால் அவருக்குத் தாங்காது போல.

"ஆன்ட்டி, வேணாம்! வந்துடுங்க!" தமிழில்தான் கத்தினேன். பயத்தில் இங்கிலீஷ் வரவில்லை.

6:28. விசில். ஒன்று. இரண்டு.

விடுதி வாசல் இல்லை. புழுதி மட்டும்.

வகுப்புத் தோழன் செந்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தான். நான் இறங்கிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போடா, போடா" என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன்.

பிழைத்தவர்கள் நான்கு பேர். போனவை: ஒரு கட்டடம். ஒரு ஃபைல், அதில் பதினொரு தாள். ஹெல்கா ஆன்ட்டி, வயது அறுபத்திரண்டு.

பதினொன்றுக்கும் டூப்ளிகேட் அப்ளை பண்ணினேன். இரண்டே மாதத்தில் எல்லாம் வந்துவிட்டது.