பாதி மாத்திரை

மட்டாஞ்சேரி ஜெட்டியில் எறணாகுளம் படகுக்கு வரிசை. எனக்கு முன்னால் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் இருவர், மச்சானும் மாப்பிள்ளையும். இருவருக்கும் யானைக்கால். ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

"வீக்கம் வத்திருச்சு மச்சான். செருப்பு நுழையுது, பாத்தீங்களா?"

"எனக்கும் வத்துது, கேட்டோ. ரெண்டு பேர் மாத்திரையையும் ஆளுக்குப் பாதி பாதியாத் தின்னது நல்லதாப் போச்சு."

"பின்னே? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எதுன்னு தனக்கே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரே. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் மட்டும் மாவு தின்னா நியாயமா?"

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டி, விளக்கி, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை.

"இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லிரணும் மாப்ள."

"சொன்னா நம்மள வெளிய அனுப்பிருவாரு. மருந்து கிடைக்காது."

"சொல்லலைன்னா, மாவு தின்னவனுக்கும் கால் வத்துதுன்னு எழுதிருவாரு. அப்புறம் மருந்தும் மாவும் ஒண்ணுதான்னு ஆயிரும், அந்த மருந்து யாருக்குமே கிடைக்காது."

மாப்பிள்ளை குனிந்து செருப்பைப் பார்த்தான்.

"சரி, சொல்லுவோம். புரியாமலா கையெழுத்துப் போட்டீங்கன்னு திட்டுவாரு."

"புரியாம போட்டிருந்தா, அவனவன் மாத்திரைய அவனவனே தின்னிருப்போமே."