மச்சான் கொண்டு வந்த பால்

— செருப்பை வாசல்ல விட்டுட்டு வரணும்னு போன தடவையே சொன்னேன்ல மச்சான்? இது பண்ணையோட ஆராய்ச்சிக்கூடம். உன் மாட்டுக் கொட்டகை இல்ல.

— விட்டுட்டுத்தான் வந்தேன் அத்தான். இது என் காலு. அதோட நிறமே இப்படித்தான்.

— காலோ செருப்போ, அங்கேயே நில்லு. நேத்து நீ கொண்டு வந்த பாலோட முடிவு வந்துடுச்சு.

— உக்காந்து கேக்கலாமா?

— நின்னே கேளு. பால்ல ஆன்டிபயாடிக் இருக்கு. அனுமதிச்ச அளவைப் போல நாலு மடங்கு. நாலு! முப்பது வருஷமா பாலைச் சோதிக்கிறேன், இவ்வளவு கேவலமான பாலைப் பாத்ததில்ல.

— வாஸ்தவம்.

— என்ன வாஸ்தவம்? மாட்டுக்கு மடி வீங்கியிருக்கும், ஊசி போட்டிருப்ப. போட்டா மருந்து பால்ல இறங்கும், நாலு நாள் கறந்து கீழ கொட்டணும். உனக்குக் கொட்ட மனசு வராது. போன மாசமும் இதே கதைதானே?

— போன மாசம் தப்பு பண்ணினேன் அத்தான், ஒத்துக்கிறேன். மூணாம் நாளே கேன்ல ஊத்திட்டேன். அக்காகிட்டப் போய் அழுதேன்.

— அவ என்கிட்ட வந்து அழுதா. தம்பிக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்கன்னு கெஞ்சினா, ரெண்டு நாள் சோறு இறங்கல அவளுக்கு. குடுத்தேன். நீ அதைச் சாக்கடையில போட்டுட்ட. ரெண்டாவது தடவையும் மாட்டிக்கிட்டா பால் நிலையம் உன் பாலை ஒரேயடியா நிறுத்திடும். பதினோரு மாட்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? பாட்டு சொல்லிக் குடுக்கப் போறியா?

— மிஷின் ஏதாவது தப்பாக் காட்டியிருக்குமோ?

— என் மிஷினா? அது உன் மூளை மாதிரி இல்ல, ஒழுங்கா வேலை செய்யும். மூணு தடவை ஓட்டினேன். மூணு தடவையும் நாலு மடங்கு.

— பாட்டில் மாறியிருந்தா?

— உன் பாட்டிலை வாங்கினது இந்தக் கை. சீலை உடைச்சதும் இந்தக் கை. உதவியாளரைக்கூடத் தொட விடல. யாரோ மாத்திட்டாங்கன்னு ஊர் பூரா ஒப்பாரி வெப்பன்னு தெரியாதா எனக்கு?

— அப்ப சந்தேகமே இல்ல.

— துளிகூட இல்ல. மூடியைத் திறந்ததுமே மூக்கு சொல்லிடுச்சு. கையைக் கழுவாம கறந்த பால். மாட்டைப் பாக்காம செல்போனைப் பாத்துக்கிட்டுக் கறந்த பால். சோம்பேறிப் பால்னு ஒண்ணு இருந்தா அது இதுதான்.

— இவ்வளவையும் மூக்கே சொல்லிடுச்சா?

— இன்னும்கூடச் சொல்லிச்சு. உன் அக்கா முகத்துக்காக விடுறேன்.

— கையெழுத்துப் போட்டாச்சா அத்தான்?

— போட்டு, முத்திரை குத்தி, காலையிலயே பால் நிலையத்துக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பியாச்சு. அடியில என் கைப்பட ஒரு வரியும் எழுதியிருக்கேன். ‘இப்பாலை விற்பவர் எவராயினும் தயவு தாட்சண்யம் கூடாது.’

— எவராயினும்னே எழுதியிருக்கீங்களா?

— ஆமா. சொந்தக்காரன்னு பாக்க மாட்டேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.

— ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தாங்க, இதைப் பிடிங்க.

— என்ன இது?

— அந்தப் பால் இருந்த பாட்டிலோட மூடி. சுத்தி அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டே படிங்க.

— ‘ஆராய்ச்சிப் பண்ணைத் தூய பால்.’ இது எங்க பண்ணையில விக்கிற பாலோட மூடி.

— கீழ உங்க கையெழுத்தும் இருக்கு அத்தான். நேத்துக் காலையில ஏழு மணிக்கு உங்க வாசல் கவுண்டர்ல வாங்கினேன், ரசீதும் இருக்கு. அதைத்தான் உங்க சோதனைப் பாட்டில்ல ஊத்தி, மேல என் பேரை ஒட்டிக் குடுத்தேன்.

— ஏமாத்துக்காரப் பயலே!

— வாஸ்தவம், ஏமாத்தினேன். போன மாசத்துக்கப்புறம் என் மாடு ஒண்ணுக்கும் ஊசியே போடல. ஆனாலும் பயம். நீங்க பாலைப் பாத்து எழுதறீங்களா, என் மூஞ்சியைப் பாத்து எழுதறீங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன். மூஞ்சியைப் பாத்துத்தான்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். ஆனா மிஷின்ல மூணு தடவை ஓட்டினேங்கிறீங்க. அப்ப மருந்து பால்லதான் இருக்கு.

— வாயை மூடு. என் பண்ணையில அப்படி நடக்கவே நடக்காது.

— கவுண்டர்ல எனக்கு முன்னாடி வரிசையில பன்னெண்டு பேர் நின்னாங்க அத்தான். பாதிப் பேர் கையில குழந்தை.

— கறக்கிறவன் பண்ணின வேலை! வேற யாரு? எழுத்து வாசனை இல்லாத ஆளுங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணச் சொன்னா இதுதான் கதி. யோவ் கறவைக்காரரே! இப்படி ஜன்னல்கிட்ட வாய்யா!

— வந்துட்டேன் ஐயா. பாதிக் கறவையில விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க.

— ஊசி போட்ட மாட்டுப் பாலைத் தனியாக் கறந்து கொட்டணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியாம என்ன ஐயா? ஊசி போட்டா டாக்டரம்மா மாட்டுக் கால்ல சிவப்பு நாடா கட்டுவாங்க. நாடா கட்டின மாட்டுக்குத் தனி வாளி. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு கலந்ததில்ல.

— அப்புறம் இப்ப எப்படிய்யா கலந்துச்சு? எவனைக் கேட்டுக் கலந்த? இன்னைக்கே உன்னை வேலையை விட்டுத் தூக்கறேனா இல்லையா பாரு!

— தூக்குங்க ஐயா. பார்வையிடப் பெரிய அதிகாரிங்க வர்றாங்க, நாடாவைப் பாத்தா பண்ணையே ஆஸ்பத்திரி மாதிரி தெரியும்னு போன வாரம் நீங்கதானே பக்கத்துல நின்னு எல்லாத்தையும் அவுக்க வெச்சீங்க? ஊசிக் கணக்கு நோட்டு உங்க பீரோவுல பூட்டிக் கிடக்கு. எங்களுக்கு இருந்தது அந்த நாடா ஒண்ணுதான். எந்த மாட்டுக்கு ஊசி போட்டதுன்னு இப்ப மாட்டைத்தான் கேக்கணும்.