பாட்டிலில் இருக்கும் அரைக் கடலை

சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்து தொங்கினாலும் எனக்குப் பொறுக்காது. பிள்ளைகளின் மூச்சுக்குழாயிலிருந்து அத்தனை பொத்தான்களை எடுத்திருக்கிறேன். பொத்தான், பாசிமணி, பேனா மூடி எல்லாம் என் மேசையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் கிடக்கின்றன. வரும் தாய்மார்களுக்குக் காட்டுவேன். நீங்கள் அதிலுள்ள அரை வேர்க்கடலையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

அன்று மதியத்துக்குள் மூன்று பிள்ளைகளுக்குத் தொண்டை வழியாகக் குழாய் இறக்கி அடைப்பை எடுத்திருந்தேன். கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. கருவிகளைக் கழுவி அடுக்கியாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டரும் கிளம்பிவிட்டார். அப்போதுதான் அந்தப் பெண் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“கடலையை மென்னுக்கிட்டே சிரிச்சா டாக்டர். புரையேறி முகமே நீலமாயிடுச்சு. இப்ப நல்லாத்தான் விளையாடுறா.”

அப்படி நல்லாயிருப்பதுதான் ஏமாற்றும். கடலை எக்ஸ்ரேயிலும் தெரியாது. இதையெல்லாம் மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் மூச்சு மந்தமாகத்தான் கேட்டது. எனக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வெறும் சளிதான் என்று சொல்லி அனுப்பினேன். சீட்டில் ‘இருமல், இரு பக்கமும் மூச்சு சமம்’ என்று எழுதினேன்.

நான்காம் நாள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உடனே குழாய் இறக்கினேன். கடலை ஊறி உப்பியிருந்தாலும் ஒரே பிடியில் வந்துவிட்டது. குழந்தைதான் திரும்பி வரவில்லை.

“அன்னிக்கே கடலைன்னு சொன்னேனே டாக்டர்?”

“இருமல்னுதான்மா சொன்னீங்க. எழுதியிருக்கேன் பாருங்க.”

கணவன் சீட்டை வாங்கிப் படித்தான். “ஏண்டி, சொல்லவே இல்லையா?”

“சொன்ன மாதிரிதாங்க இருக்கு” என்றாள். அவன் மறுபடி கேட்டபோது அதையும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கடலையை நான் வீணாக்கவில்லை. பாட்டிலில் போட்டு வைத்தேன். “இந்தக் குழந்தையோட அம்மா விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டாங்க” என்று எல்லாத் தாய்மாரிடமும் காட்டுவேன். பயந்துபோய் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பிழைத்த பிள்ளைகள் உண்டு.

போன மாதம் அவளே கைக்குழந்தையோடு வந்தாள். பாட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லார்கிட்டயும் சொல்லுங்க டாக்டர். என்னை மாதிரி யாரும் ஆகக் கூடாது.”

அழாதே என்றேன். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.