அவையில் சொன்ன ஒரு வாக்கியம்

இந்த இடத்தில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு கதை சொல்கிறேன். கதைதான். நடந்ததா என்று யாரும் தேடிப் போக வேண்டாம். நாட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. மனிதர்களுக்கு மட்டும் நம்மூர்ப் பெயர்களாக வைத்திருக்கிறேன்... நமக்குப் பக்கத்தில் வந்து உட்காரட்டும் என்று.

அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் பெயர் அறவாழி. அன்று நாடாளுமன்றத்தில் அவர் துறைக்குக் கேள்வி நேரம். காலையிலேயே செயலாளர் சபாபதி ஒரு தடித்த கோப்போடு வந்தார்.

"ஐயா, எதைக் கேட்டாலும் இதுல பதில் இருக்கு. ஒண்ணே ஒண்ணு... 'செய்யறேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

"வேற என்னய்யா சொல்றது?"

"'அரசு கவனித்து வருகிறது'ன்னு சொல்லுங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் கவனிச்சுக்கிட்டே இருக்கலாம்."

ஏன் இந்தப் பயம்? அந்த நாட்டில் ஒரு வழக்கம். அமைச்சர் அவையில் 'செய்கிறேன்' என்று சொல்லிவிட்டால் அது காற்றோடு போகாது. உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு பதிவேடு. சொன்ன வாக்கியம் அப்படியே அதில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால்... ஏன் செய்யவில்லை என்று அதே அவையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

கேள்வி நேரம் தொடங்கியது. எதிர்க்கட்சி உறுப்பினர் தெய்வானை எழுந்தார். பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் நம் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பதினான்கு மாதம் ஆகிறது, பதினோரு மாலுமிகள் காவலில் இருக்கிறார்கள், அரசு என்ன செய்கிறது? இதுதான் கேள்வி.

அமைச்சர் கோப்பைப் பார்த்துப் படித்தார். "அரசு இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறது."

"அமைச்சருக்கு ரொம்ப நல்ல கண்ணு!" என்றார் தெய்வானை. "பதினாலு மாசமா கவனிக்கிறாரு, வலிக்கவே இல்லை!"

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டார். தெய்வானை சிரிக்கவில்லை.

"துணைக் கேள்வி, ஐயா. அந்தக் கப்பல்ல சமையல்காரர் ரொசாரியோ. அவர் மனைவி ஜெசிந்தா மேலே பார்வையாளர் மாடத்துல உட்கார்ந்திருக்காங்க. விடுதலையைக்கூட இன்னிக்கு அவங்க கேக்கலை. பதினாலு மாசமா புருஷன் குரலைக் கேட்டதில்லை. உயிரோட இருக்காருங்கிறதே ஒரு தாள்ல படிச்சதுதான். ஒரே ஒரு போன். வாங்கித் தருவீங்களா... மாட்டீங்களா?"

அமைச்சர் கோப்பைப் புரட்டினார். எண்ணெய், எல்லை, வணிகம்... எல்லாம் இருந்தது. இது இல்லை. அதிகாரிகள் வரிசையிலிருந்து சபாபதியின் சீட்டு வந்தது: 'கவனித்து வருகிறோம் என்று முடித்துவிடவும்.'

அவர் தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவர் கோப்பைப் பார்த்தே பேசியிருப்பார். மாடத்தில் யாரும் பேசக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார்... அதனால் வாயை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் சொன்னார்: "மூன்று மாதத்துக்குள் அந்த அம்மா தன் கணவரோடு பேசுவார். நான் செய்கிறேன்."

இங்கேயே நிறுத்தினால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் நிறுத்தப் போவதில்லை.

அவர் மனதாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்புறம்? அப்புறம் ஒரு மாநாடு. இரண்டு விமானப் பயணம். ஒரு விருந்து. மறந்துவிட்டார்! கெட்டவரா? இல்லை. நீங்களும் நானும் மறப்பதுபோல மறந்தார்.

மறக்காதது அந்தப் பதிவேடு. அதைப் பார்த்துக்கொண்டவர் வடிவு என்ற எழுத்தர். ஜெசிந்தாவை அவர் பார்த்ததுகூட இல்லை. முதல் மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். இரண்டாம் மாதம் இன்னொன்று. மூன்றாவது வந்தபோது சபாபதி கலங்கிப்போய் ஓடி வந்தார்.

"ஐயா, இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு!"

"எதுக்குய்யா?"

"அந்தச் சமையல்காரர்..."

அமைச்சர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். பக்கத்து நாட்டு வெளியுறவு அமைச்சரைத் தானே அழைத்தார். "கப்பல் வழக்கை நீங்க நடத்துங்க. எனக்கு வேண்டியது ஒரு போன். அவையில சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "எங்ககிட்டயும் அப்படி ஒரு குழு இருக்குங்க. அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்."

எண்பத்தெட்டாவது நாள். மாவட்ட அலுவலகத்தில் ஜெசிந்தா தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மணி அடித்தது.

"ஜெசி..."

அவ்வளவுதான். தாளில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஜெசி, இருக்கியா? என்ன சத்தம் அங்க... மழையா?"

"ஆமாங்க. மூணு நாளா விடல."

"பின்கட்டு ஓடு ஒழுகுமே?"

"ஒழுகுது. சட்டி வச்சிருக்கேன்."

கிடைத்தது பத்து நிமிடம். அதில் பாதி அந்த ஓட்டைப் பற்றியே போனது. விடுதலைக்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. ஆனால் அன்று அலுவலகத்திலிருந்து இறங்கியபோது ஜெசிந்தா, கூட வந்த தங்கையிடம் சொன்னாளாம்: "அவரு அவராவேதான்டி இருக்காரு."

இன்று பதவியேற்றிருக்கிற வார்டு உறுப்பினர்களே... இதை எதற்குச் சொன்னேன்? நாளைக்கு உங்கள் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். உங்களுக்கு இரக்கம் வரும். வரட்டும். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை வருகிற இரக்கம் வியாழக்கிழமை வரை இருக்குமா? என் இரக்கத்தையே நான் நம்புவதில்லை. ஆகவே நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். தேதி போட்டுச் சொல்லுங்கள். எழுதி, கையெழுத்திட்டு, வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நீங்கள் மறந்த பிறகும் அவர் உங்களிடம் உரிமையோடு வந்து 'என்ன ஆச்சு?' என்று கேட்கட்டும். நம்மைக் கேட்கிற உரிமையை அவர்களுக்குக் கொடுத்துவிடுவதுதான்... என் அறிவுக்கு எட்டிய வரையில்... அன்பு.