வெண்மை எண் எண்பத்தைந்து

காலை ஆறு இருபதுக்குக் கலர் மிஷினைப் போடுவேன். அது சூடாக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு டீ. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்பது முழுப்பெயர். கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் எங்கள் ஜவ்வரிசி ஆலையில் அதைத் திக்காமல் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

வேலை எளிது, ஐயா. முதலில் வெள்ளைப் பீங்கான் வில்லையை வைத்து, வெள்ளை எதுவென்று மிஷினுக்குக் காட்ட வேண்டும். பிறகு மரவள்ளி மாவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அழுத்தி வைத்தால் எண் வரும். தொண்ணூறுக்கு மேல் என்றால் மாவு காயவைக்கும் களத்துக்குப் போகும். கீழே என்றால் தொட்டியில் மறுபடி கரைத்து, வெளுப்பு மருந்தும் ஆசிடும் ஊற்றி, ஓர் ஆள் உள்ளே இறங்கிக் கலக்க வேண்டும். மேலே நின்று துடுப்பாலும் கலக்கலாம். நேரமாகும். மேனேஜர் தீனதயாளனுக்கு அது பிடிக்காது.

போன தை மாதம் என் கணவர் அய்யனார் இறங்கினார். அன்று எண் எண்பத்தைந்து. புகையில் மயங்கி மாவுப் பாலில் விழுந்தார். வழுக்கி விழுந்து செத்ததாக எழுதினார்கள். எண்ணைப் பார்த்து இறங்கச் சொல்லி மேனேஜர் கையெழுத்திட்ட சீட்டு ஃபைலில் இல்லை. போய்க் கேட்டேன்.

"எண்பத்தஞ்சு வந்துச்சு, எறங்கச் சொன்னேன். இன்னும் இன்னா? மிஷின்கிட்ட போய்க் கேளும்மா" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஏழு மாதம் யோசித்தேன். ஒரு சாவை வழுக்கல் என்று எழுதலாம். இரண்டாவதை எழுத முடியாது.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மிஷினுக்கு வெள்ளை காட்டி முடித்த பிறகு, கிண்ணத்தின் அடிக் கண்ணாடியில் டீயை விரலால் தடவிக் காயவிட்டேன். எவ்வளவு தடவினால் எவ்வளவு குறையும் என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். மாவு தொண்ணூற்றிரண்டு. மிஷின் எண்பத்தைந்து என்றது. தீனதயாளன் மாவைப் பார்க்கவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டார். நான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"டேய் தமிழு, எறங்குடா. மாப்பிள்ள கணக்கா நின்னுக்கினு இருக்கிற."

"நெடி ஜாஸ்தியா இருக்குதுங்க."

"உன் வூட்டுக் கறிக்கொழம்பாடா, மணக்கறதுக்கு?"

தமிழழகன் இறங்கினான். கல்வராயன் மலைக்காரன், இருபத்தாறு வயது. தீனதயாளன் இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் இறங்கிச் செத்திருந்தால் ஜெயிலுக்கு யார் போவது?

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கதவு வரை போனேன். பிறகு திரும்பி வந்து கிண்ணத்தைக் கழுவினேன்.

தமிழழகன் செத்ததற்கு இப்போது தீனதயாளன் ஜெயிலில் இருக்கிறார். ஜாமீன் கிடைக்கவில்லை. இறங்கச் சொன்னவர் அவர். நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. இதில் எனக்குக் குழப்பமே இல்லை, ஐயா.

நீங்கள் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் தேவிப்ரியா. தமிழழகனின் மனைவி. களத்தில் வேலை செய்கிறாள். அன்று சோதனைக்கான மாவை என்னிடம் கொண்டுவந்தவளும் அவள்தான். நேற்று வந்து மிஷின் பக்கத்தில் நின்றாள். உனக்கும் எனக்கும் நியாயம் கிடைத்துவிட்டது, அழாதே என்றேன். அவள் அழவில்லை.

"அக்கா, நான் தட்டுல கொண்டாந்த மாவு பாலாட்டம் இருந்துச்சே. மிஷின்ல மட்டும் எப்பிடிக்கா கம்மியா வந்துச்சு?"